குடியரசுத் திருநாளும் நமது நன்றிக் கடனும்

தை பிறந்து, பொங்கலின் ஆரவாரம் ஓய்ந்த சில தினங்களுக்குள் ஜனவரி 26-ந் தேதி வருஷந்தோறும் வந்து சேருகிறது. சர்க்கார் கட்டிடங்களில் கொடியேற்றுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வழங்குகிறார்கள். தலைநகரில் சேனைகள் அணிவகுத்துச் செல்கின்றன. உத்தியோகஸ்தர்களுக்கும் மாணவர்களுக்கும் அன்று விடுமுறை. மறுநாட் காலையில் கொடிக்கம்பத்தின் அடியில் சிதறிய பூவிதழ்களைத் தவிர அந்தத் தினத்தின் சுவடு எதுவும் பெரும்பாலான ஊர்களில் எஞ்சியிருப்பதில்லை. இதைக் குறையாகக் கூறி நாம் புலம்ப விரும்பவில்லை. விழாவென்றால் ஆரவாரமும் இருக்கத்தான் வேண்டும். ஆயினும், ஒரு ஜனசமூகம் தன் வேலைகளை நிறுத்தி ஒரு தினத்தைத் தனியாக ஒதுக்கி வைக்கிறதென்றால், எதற்காக ஒதுக்கினோம் என்ற கேள்வியை அது தன்னையே கேட்டுக்கொள்ளவும் வேண்டும் அல்லவா?

நன்றி செலுத்துவது தமிழ் மக்களுக்குப் புதிதன்று. விளைச்சலைத் தந்த சூரியனுக்கு ஒரு நாளும், உழவுக்குத் துணை நின்ற மாட்டுக்கு மற்றொரு நாளும் ஒதுக்கி வைத்த குடியானவன், வாய்ச்சொல்லோடு தன் நன்றியை முடித்துக்கொள்வதில்லை. மாட்டைக் குளிப்பாட்டுகிறான், கொம்புக்கு வர்ணம் தீட்டுகிறான், வயிறு நிறையத் தீனி போடுகிறான். பெற்ற உதவிக்கு ஈடாக ஒரு காரியத்தைச் செய்து காட்டுவதே நன்றியென்பது அவனுடைய சித்தாந்தம். செய்ந்நன்றியறிதலுக்கென்று திருவள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்திருக்கும் நாட்டில் இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தாய்நாட்டுக்கென்று நாம் வைத்திருக்கும் திருநாளில் மட்டும் அந்தச் சித்தாந்தத்தை மறந்து, சொல்லோடும் மிட்டாயோடும் நின்றுவிடுவது தகுமா என்பதே நாம் இங்கே ஆராயப் புகும் விஷயம்.

விடுமுறையாகப் பிறந்த தினமன்று

முதலில் இத்தினத்தின் பூர்வ சரித்திரத்தை நினைவுகூர்வோம். 1929-ஆம் ஆண்டு டிசம்பர் மாதக் கடைசியில், ராவி நதிக்கரையில் லாகூர் நகரில் கூடிய காங்கிரஸ் மகாசபை, பண்டித ஜவாஹர்லால் நேருவின் தலைமையில் பூரண சுயராஜ்யமே இந்தியாவின் லட்சியமெனப் பிரகடனம் செய்தது. டொமினியன் அந்தஸ்து என்ற அரைகுறைக் கோரிக்கை அன்றோடு மறைந்தது. அந்தத் தீர்மானம் தலைவர்களின் ஏட்டில் மட்டும் இராமல் கோடிக்கணக்கான ஜனங்களின் சங்கற்பமாக வேண்டுமென்பதற்காக, 1930-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமையான 26-ந் தேதி சுதந்திர தினமாகக் குறிக்கப்பட்டது. அன்று நகரங்களிலும் கிராமங்களிலும் ஜனங்கள் கூடினார்கள்; அவரவர் தாய்மொழியில் சுதந்திரப் பிரதிக்ஞை வாசிக்கப்பட்டது; கூடியிருந்தோர் கையுயர்த்தி அதை ஏற்றுக்கொண்டார்கள்.

அந்தத் தினத்தை எவ்வாறு கழிக்க வேண்டுமென்று மகாத்மா காந்தி கூறிய யோசனையை இன்று எத்தனை பேர் அறிவார்கள்? பிரதிக்ஞை எடுத்துக்கொண்ட பிறகு மீதிப் பொழுதை நிர்மாண வேலையில் செலவிடவேண்டும் என்றார் அவர். ராட்டையில் நூல் நூற்கலாம். தீண்டப்படாதவர்களென ஒதுக்கப்பட்டவர்களுக்குத் தொண்டு செய்யலாம். ஹிந்து முஸ்லிம் ஒற்றுமைக்காக உழைக்கலாம். மதுவிலக்குப் பிரசாரம் செய்யலாம். ஆகவே, ஜனவரி 26-ந் தேதி ஓய்வு தினமாகப் பிறக்கவில்லை. அது வேலைத் தினமாகவே பிறந்தது. அன்று கொடியேற்றியவனுக்குச் சம்பளத்தோடு விடுமுறை கிடைக்கவில்லை. தடியடியும் சிறைவாசமும் கிடைக்கக்கூடும் என்பதை அறிந்தே அவன் ஏற்றினான்.

தமிழ் நாடு செலுத்திய காணிக்கை

அந்தப் பிரதிக்ஞையைத் தமிழ்நாடு எவ்விதம் நிறைவேற்றியது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. காந்தியடிகள் தண்டியில் உப்பெடுத்த அதே மாதத்தில், 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி, ஜாலியன்வாலா பாக் படுகொலை நினைவு நாளன்று, ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் சுமார் நூறு தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டார். ஏறக்குறைய 150 மைல் தூரம் நடந்து, ஏப்ரல் 28-ந் தேதி அந்தப் படை வேதாரணியத்தை அடைந்தது. 30-ந் தேதி ராஜாஜி உப்பெடுத்துக் கைதியானார்.

அந்த யாத்திரையில் படையைவிட நம் மனத்தை அதிகமாகக் கவர்வது வழியோரத்து ஜனங்களின் செய்கை. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டனைக்கு உள்ளாவார்கள் என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை எச்சரிக்கை விடுத்திருந்தார். கலெக்டரின் வார்த்தையை மீறினால் நிலத்துக்கும் பிழைப்புக்கும் ஆபத்து. பசித்து வரும் தேசத் தொண்டனுக்குச் சோறிடாவிட்டால் தர்மத்துக்கு ஆபத்து. இந்த இக்கட்டில் தஞ்சைச் சீமையின் குடியானவர்கள் சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுச் சென்றார்கள். கொடுத்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் தொண்டர்களின் பசி தீர்ந்தது. பெயரை வேண்டாமல், படத்தை வேண்டாமல், ஆபத்தை ஏற்றுக்கொண்டு செய்த அந்த உபகாரத்தைவிடத் தேசபக்திக்குச் சிறந்த விளக்கம் நமக்குத் தெரியவில்லை.

1932-ஆம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி திருப்பூரில் கொடி பிடித்து ஊர்வலம் சென்ற குமாரசாமி என்ற இளைஞர் போலீஸாரின் தடியடியால் மண்டை பிளந்து வீழ்ந்தார். மறுநாள் உயிர் நீத்தார். வீழ்ந்தபோதும் அவர் கை கொடியை விடவில்லை. சென்னிமலையில் பிறந்த அந்த இளைஞரைக் கொடி காத்த குமரன் என்று நாடு போற்றுகிறது. அதே மாதத்தில் 26-ந் தேதி, சென்னைக் கோட்டையின் உயர்ந்த கொடிமரத்தில், காவலையெல்லாம் கடந்து ஏறி மூவர்ணக் கொடியைப் பறக்கவிட்டார் ஓவியரும் சிற்பியுமான ஆர்யா பாஷ்யம். இன்று அதே கோட்டையில் கொடி பறப்பதைக் கண்டு நாம் நிமிர்ந்து நடக்கிறோம். கொடிக்கயிற்றை இழுக்கும் கை எவருடையதாக இருந்தாலும், அந்தக் கொடியை அங்கே ஏற்றி வைத்தவர்கள் இத்தகையோரே.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சுதந்திரம் கைகூடியது. பதினேழு ஆண்டுகளாகச் சுதந்திர தினமென்று போற்றப்பட்ட ஜனவரி 26-ஐ என்ன செய்வது? அதைக் கைவிட நம் தலைவர்களுக்கு மனம் வரவில்லை. அரசியல் நிர்ணய சபை 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதியன்றே அரசியல் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. எனினும் அச்சட்டம் முழுமையாக அமலுக்கு வரும் தேதி இரண்டு மாதம் தள்ளி, 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி என்று குறிக்கப்பட்டது. அன்று டில்லியில் இந்தியா குடியரசாகிவிட்டதென்னும் பிரகடனத்தை வாசித்தவர் கடைசி கவர்னர் ஜெனரலாயிருந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார். வேதாரணியத்தில் உப்பெடுத்ததற்காகச் சிறைக்குச் சென்றவரே, இருபது ஆண்டுகளுக்குள் ஒரு சாம்ராஜ்யத்தின் கணக்கை முடித்து வைத்தார்.

நன்றியும் அடிமைத்தனமும்

இனி, நன்றி என்பது யாருக்கு என்ற விஷயத்துக்கு வருவோம். இதில் இருவிதமான மயக்கங்கள் நம்மிடையே உலவுகின்றன.

முதலாவது மயக்கம், நாட்டையும் நாட்டை ஆள்பவர்களையும் ஒன்றெனக் கருதுவது. சாலை போட்டவர்களுக்கு நன்றி, அரிசி கொடுத்தவர்களுக்கு நன்றி என்று சுவரெங்கும் எழுதி வைக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. ஜனங்களின் வரிப்பணத்தை ஜனங்களுக்கே செலவிட்டதற்கு நன்றியறிதல் எதற்கு? எஜமானன் காரியஸ்தனிடம் கணக்குக் கேட்பதுதான் முறையேயன்றி, தன் பணத்தைத் தனக்கே கொடுத்ததற்காக அவன் காலில் விழுவது முறையாகாது. மந்திரிகள் வருவார்கள், போவார்கள்; கட்சிகள் உயரும், தாழும்; நாடு நிலைத்திருக்கும். சர்க்காரைக் குறை கூறுபவனை நாட்டுக்கு நன்றி கெட்டவனென்று ஏசுவது, 1930-ல் ராஜாங்கத் துரோகமென்று நம் தலைவர்களைச் சிறையிலடைத்தவர்களின் தர்க்கமேயன்றி வேறல்ல.

அரசியல் சட்டத்தின் வரைவுக் குழுவுக்குத் தலைமை வகித்த டாக்டர் அம்பேத்கர், 1949-ஆம் ஆண்டு நவம்பர் 25-ந் தேதி நிர்ணய சபையில் நிகழ்த்திய கடைசிப் பெரும் பிரசங்கத்தில் இதைப்பற்றி எச்சரித்தார். வாழ்நாள் முழுதும் தேசத்துக்குத் தொண்டு செய்த பெரியோரிடம் நன்றி பாராட்டுவதில் தவறில்லை. ஆனால் அந்த நன்றிக்கு ஓர் எல்லை உண்டு என்றார் அவர். ஒரு தேசம் தன் சுதந்திரத்தையே விலையாகக் கொடுத்து எவருக்கும் நன்றி செலுத்தலாகாது என்ற அயர்லாந்து தேசபக்தர் ஓகானலின் கருத்தை எடுத்துக் காட்டினார். மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம். அரசியலில் தனி மனிதரிடம் கொள்ளும் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்குமே வழியாகும் என்பது அவர் விடுத்த எச்சரிக்கை. பின்வந்த ஆண்டுகளில், முக்கியமாக 1975-ல் நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டபோது, அந்த எச்சரிக்கையின் பொருளை நாடு அனுபவத்தில் கண்டது.

இரண்டாவது மயக்கம் இதற்கு நேர்மாறானது. நாடு எனக்கு என்ன செய்தது என்று கேட்டு உதட்டைப் பிதுக்குவது. படித்தவர்களிடமே இது மிகுந்து காணப்படுகிறது. இவர்களுக்கு நாம் கூறும் விடை ஒன்று உண்டு. உங்கள் கையிலுள்ள வாக்குச் சீட்டு எங்கிருந்து வந்தது என்று சற்று யோசித்துப் பாருங்கள்.

1935-ஆம் ஆண்டின் இந்தியா சட்டப்படி நடந்த மாகாணத் தேர்தல்களில் சொத்தோ, வரியோ, படிப்போ உடையவர்களுக்கே பெரும்பாலும் ஓட்டுரிமை இருந்தது. ஜனத்தொகையில் ஆறில் ஒரு பங்கினருக்குக்கூட அது கிட்டவில்லை. நமது அரசியல் சட்டமோ வயது வந்த ஆண் பெண் அனைவருக்கும் ஒரே நாளில் அந்த உரிமையை வழங்கியது. 1951-52-ல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் ஏறக்குறைய 17 கோடியே 32 லட்சம் பேர் வாக்காளராயினர். அப்போது நூற்றுக்குச் சுமார் 18 பேரே எழுத்தறிந்தவர்கள். படிக்கத் தெரியாதவன் எப்படி ஓட்டுப் போடுவான் என்று உலகம் நகைத்தது. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு சின்னம் கொடுத்து அந்த நகைப்பை நம் தேர்தல் அதிகாரிகள் வாயடைக்கச் செய்தார்கள். பட்டியலில் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்துகொண்டு தம் சொந்தப் பெயரைச் சொல்ல மறுத்த சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவுகளைத் தலைமைத் தேர்தல் கமிஷனர் சுகுமார் சென் நீக்க நேர்ந்தது. புருஷனின் நிழலாக அல்லாமல் தன் பெயரோடு ஒரு பிரஜையாக நிற்கவேண்டுமென்று இந்நாட்டுப் பெண்ணிடம் ராஜ்யம் கேட்டது அதுவே முதல் தடவை எனலாம். 2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் 64 கோடிக்கு மேற்பட்டவர்கள் வாக்களித்தார்கள். தோற்ற சர்க்கார்கள் வாயில் திறந்து வெளியேறுவதும் வென்றவர்கள் உள்ளே நுழைவதும் இந்நாட்டில் சாதாரணக் காட்சியாகிவிட்டன. காலனி ஆட்சியிலிருந்து விடுபட்ட நாடுகள் பலவற்றில் பீரங்கியே இந்த மாற்றத்தைச் செய்துவந்திருப்பதை நாம் மறக்கலாகாது.

நம் முன்னோர் பெருமையைப் பேசுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டுவதுண்டு. பராந்தக சோழன் காலத்தில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், குடவோலை முறையில் ஊர் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்த விதிகள் அதில் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமற் போனவன் மட்டுமன்றி அவனுடைய உறவினர்களும் தேர்தலுக்குத் தகுதியற்றவர்கள் என்ற விதியைக் காணும்போது நமக்கு வியப்பும் ஓரளவு வெட்கமும் உண்டாகின்றன. ஆனால் அதே கல்வெட்டு, கால்வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடையவனுக்கே இடம் தந்தது என்பதையும் மறைக்கலாகாது. நிலமற்றவனையும், பெண்ணையும், சேரியில் வாழ்ந்தவனையும் ஊர்ச்சபைக்குள் அழைத்தது 1950-ஆம் ஆண்டின் சட்டமே. முன்னோரிடம் கணக்குக் காட்டும் ஒழுக்கத்தைக் கற்போம்; யாவரும் சமமென்னும் தர்மத்துக்கு அரசியல் சட்டத்தை வணங்குவோம்.

தீராத கடன்

இவ்வளவும் கூறிய பின்னர், கசப்பான மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். அதே பிரசங்கத்தில் டாக்டர் அம்பேத்கர், ஜனவரி 26-ந் தேதியன்று நாம் ஒரு முரண்பாடான வாழ்க்கையில் புகப்போகிறோம் என்றார். அரசியலில் ஒருவருக்கு ஒரு ஓட்டு, ஒவ்வோர் ஓட்டுக்கும் ஒரே மதிப்பு. சமூகத்திலும் பொருளாதாரத்திலுமோ ஏற்றத்தாழ்வு. இந்த முரண்பாட்டை விரைவில் நீக்காவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் ஜனநாயகக் கட்டிடத்தையே தகர்த்துவிடுவார்கள் என்றும் அவர் கூறினார்.

அரசியல் சட்டத்தின் 17-வது ஷரத்து தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனால் ஊர் ஒழித்துவிட்டதா? 2022-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பஞ்சாயத்துத் தலைவர்கள் சுதந்திர தினத்தன்று தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் ஜில்லா கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. இதைப் படிக்கையில் நம் நெஞ்சு கொதிக்கிறது. எந்தக் கொடிக்காகத் திருப்பூர்க் குமரன் மண்டை பிளந்து மாண்டாரோ, அந்தக் கொடியின் கயிற்றை ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒருவர் தொடுவதற்கு, அவர் பிறந்த ஜாதியைக் காட்டிக் குறுக்கே நிற்பவர் இந்நாட்டிலேயே இருக்கிறார்கள். 1932-ல் கொடியைத் தடுத்தவன் அந்நியன். இன்று தடுப்பவன் நம் அண்டை வீட்டுக்காரன். முன்னவனுக்கு எதிராகக் காட்டிய தைரியத்தைப் பின்னவனிடம் காட்டத் தயங்கினால், நம் தேசபக்தி அந்நியத் துவேஷத்தைத் தவிர வேறெதுவாயிருந்தது என்று சரித்திரம் கேட்காதா?

அந்நிலையில் நன்றி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நாம் கூறுவது இதுவே. நன்றியென்பது குறைகளை மூடி மறைக்கும் போர்வையல்ல. குறைகளைத் தீர்க்கவேண்டுமென்ற கடனை ஏற்றுக்கொள்வதே நன்றி. தகப்பன் கட்டிய வீட்டின் கூரை ஒழுகுகிறதென்றால், வீட்டையே பழித்துக்கொண்டு நனைபவன் மூடன். ஒழுகவில்லையென்று சாதிப்பவன் பொய்யன். ஏணி வைத்து ஏறி ஓடு மாற்றுபவனே பிள்ளை.

ஏணி எங்கே இருக்கிறது?

அந்த ஏணி வெகு தூரத்தில் இல்லை. கிராம பஞ்சாயத்துக்களை அமைத்து அவற்றைச் சுயாட்சி ஸ்தாபனங்களாக இயங்கச் செய்ய ராஜ்யம் முயலவேண்டும் என்ற விதி அரசியல் சட்டத்தின் நகலில் முதலில் இடம்பெறவில்லை. 1948-ஆம் ஆண்டு நவம்பர் 22-ந் தேதி அந்தத் திருத்தத்தை நிர்ணய சபையில் கொண்டுவந்தவர் ஸ்ரீ க. சந்தானம். டாக்டர் அம்பேத்கர் அதை ஏற்றுக்கொண்டார். அது 40-வது ஷரத்தாயிற்று. ஸ்ரீ சந்தானம் வேதாரணிய உப்புப் போரில் ஈடுபட்டவர்களில் ஒருவர். கிளையில் சோறு கட்டிய கிராம ஜனங்களுக்கு அந்தத் தொண்டர் அணி செலுத்திய கைம்மாறு அந்த ஷரத்து என்றே நாம் கொள்கிறோம். பிற்காலத்தில், 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி அமலுக்கு வந்த 73-வது திருத்தம் பஞ்சாயத்துக்களுக்கு உறுதியான சட்ட அஸ்திவாரம் அமைத்து, கிராம சபையையும் அரசியல் சட்டத்தில் இடம்பெறச் செய்தது.

ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் அங்கத்தினரே. எவரும் அவரைத் தேர்ந்தெடுக்கவும் வேண்டாம், நியமிக்கவும் வேண்டாம். தமிழ்நாட்டில் அந்தச் சபை கூடும் தினங்களுள் ஜனவரி 26-ம் ஒன்று. பஞ்சாயத்தின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படவேண்டும். எந்தத் தெருவுக்குக் குழாய், எவருக்கு வீடு என்பது அங்கே பேசப்படவேண்டும். நடப்பது என்ன? பல ஊர்களில் சில பேர் வந்து அமர, தயாராக எழுதிவைத்த தீர்மானங்களில் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கி, கூட்டம் ஒரு நாழிகையில் முடிந்துவிடுகிறது. படித்தவர்கள் அந்நேரத்தில் வீட்டில் அமர்ந்து டில்லி அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டு, நாடு கெட்டுவிட்டதென்று பெருமூச்சு விடுகிறார்கள்!

தேசத் தொண்டர்களையும் வாலிபர்களையும் நாம் வேண்டிக்கொள்வது இதுதான். வரும் ஜனவரி 26-ந் தேதி கொடிவணக்கம் முடிந்ததும் வீடு திரும்பாதீர்கள். உங்கள் ஊர்க் கிராம சபைக்குச் செல்லுங்கள். தனியே செல்லாமல், இதுவரை அங்கே அடியெடுத்து வைக்காத ஒரு ஸ்திரீயையும், பேசத் தயங்கும் ஒரு கூலியாளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கணக்கை உரக்க வாசிக்கும்படி கேளுங்கள். வாசிக்காத தீர்மானத்தில் கையெழுத்திடாதீர்கள். கொடியேற்ற வேண்டியவர் ஏற்றாமல் வேறொருவர் ஏற்றினால் அதை எழுந்து கேளுங்கள். நகரவாசிகள் தங்கள் வார்டின் காரியங்களில் இதே சிரத்தையைக் காட்டலாம்.

கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-ஆம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி அமலுக்கு வந்த கொடி விதிகளால் எல்லாப் பிரஜைகளும் வருஷத்தின் எந்நாளிலும் தேசியக் கொடியைப் பறக்கவிட வழி பிறந்தது, இது போற்றத்தக்கதே. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் இயந்திரத்தில் நெய்த பாலியஸ்டர் கொடிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. சட்டம் அனுமதித்ததை நாம் குற்றமென்று சொல்லவில்லை. ஆயினும் கதர் கொடி வாங்கும் ஒவ்வொரு கையும் ஒரு ராட்டைக்கு வேலை கொடுக்கிறது. 1930-ல் அத்தினத்தை நூல் நூற்றுக் கழிக்கச் சொன்னவரை மறவாதவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதில் நமக்கு ஐயமில்லை.

இவை சிறிய காரியங்கள்தாமே என்று சிலர் நினைக்கலாம். ஒரு பிடி உப்பும் சிறிய காரியந்தான். மரக்கிளையில் கட்டிய ஒரு பொட்டலம் சோறும் சிறிய காரியந்தான். அப்படிச் சிறிய காரியங்களை அஞ்சாமல் செய்தவர்களின் கொடையே நாம் வாழும் குடியரசு. அவர்களுக்குச் சிலை வைப்பதும் மாலை சூட்டுவதும் ஓர் அளவுக்குச் சரி. அவர்கள் பெற்றுத் தந்த உரிமையைத் துருப்பிடிக்க விடாமல் நாள்தோறும் எடுத்து ஆளுவதே அவர்களுக்கும் தாய்நாட்டுக்கும் நாம் செலுத்தவேண்டிய நன்றி. அக்கடனை ஜனவரி 26-ந் தேதியே தீர்க்கத் தொடங்குவோமாக.